அறுபத்தெட்டு வயது உம்மாவுக்கு வீடியோ கேம் சரிப்படுமா?

கேள்வியை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், அப்போதுதான் பதில் புரியும். கேட்டவர் கீழக்கரைக்காரர், வேலை துபாயில். ஊரில் உம்மாவும் வாப்பாவும். உம்மாவுக்கு 68 வயது, நெடுநாள் சர்க்கரை, இரண்டு முட்டியிலும் வலி, போன வருடம் குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து நல்லவேளையாக எலும்பு தப்பியது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார், அவரோ வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறார். வாப்பாவுக்கு 74, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். தம்பி விட்டுப்போன பழைய எக்ஸ்பாக்ஸ் 360ம் (டிவியோடு இணைத்து ஆடும் கேம் பெட்டி) அதோடு கினெக்ட் கேமராவும் அலமாரியில் கிடக்கின்றன. அதை வைத்து உம்மாவை உடம்பை அசைக்க வைக்கலாமா, அல்லது புதிதாக நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் பெட்டி வாங்கி அனுப்பட்டுமா, இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்டிருக்கிறார்.

பலன் தரும். எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்துத் தரும். நான் பிசியோதெரபிஸ்ட், தேவிபட்டினத்திலிருந்து மண்டபம், பாம்பன் வரை வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறவன். அந்த அனுபவத்திலும், படித்ததிலும் சொல்வது ஒன்றுதான்: பெரியவர்களுக்கு ஆட்டம் தேர்ந்தெடுக்கும்போது கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். கால் எடுத்து வைக்காமல் ஆட முடியாத ஆட்டம் என்றால் வாங்குங்கள். உட்கார்ந்துகொண்டே ஏமாற்றி ஆட முடியும் என்றால் அது பொழுதுபோக்கு. அதிலும் தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

ஏன் கால் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் உம்மாவுக்கு இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன, வீட்டில் எல்லோரும் அதை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று சர்க்கரை. அதற்கு உடம்பு அசைந்தால் போதும், முக்கியமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் அசைந்தாலே ஏறுகிற சர்க்கரை கொஞ்சம் அடங்கும், அதற்கு நடையும் உதவும், ஆட்டமும் உதவும், வீட்டு வேலையும் உதவும். இன்னொன்று விழுகிற பயம். இதற்கு வெறும் நடை போதாது. நேராக நடக்கும்போது உடம்பு தடுமாறுவது குறைவு. ஈரத் தரையில் கால் வழுக்கும்போது, பேரப்பிள்ளை குறுக்கே ஓடும்போது, சட்டென்று பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்து உடம்பைத் தாங்க முடிகிறதா என்பதுதான் விழுவதையும் விழாமல் தப்பிப்பதையும் பிரிக்கிறது. அந்த ஓர் அடி வயதாக ஆகத் தாமதமாகும். அதைப் பழக்கினால் வேகம் திரும்பும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி, அதோடு வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் முதலாவது மட்டும்தான் மருந்துச்சீட்டில் எழுதப்படுகிறது, 'டெய்லி வாக்கிங்' என்று. மூன்றாவதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். சிட்னியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 769 பேர், எல்லோரும் தங்கள் வீட்டிலேயே வாழ்கிறவர்கள். ஒரு பிரிவினருக்கு டிவியோடு இணைத்த மிதிபலகை ஒன்றைக் கொடுத்து, திரையில் வருவதைப் பார்த்து அங்குமிங்கும் காலெடுத்து வைத்து ஆடச் சொன்னார்கள், வாரம் இரண்டு மணி நேரம் என்ற கணக்கில். இன்னொரு பிரிவினர் அதேபோன்ற ஆட்டங்களை உட்கார்ந்து கையால் ஆடினார்கள். மூன்றாவது பிரிவினருக்கு விழாமல் இருப்பது எப்படி என்ற தகவல் மட்டும். 12 மாதம் கழித்துப் பார்த்தால், காலால் ஆடியவர்கள் விழுவது மூன்றாவது பிரிவினரைவிட 26 சதவீதம் குறைந்திருந்தது. உட்கார்ந்து ஆடியவர்களிடம் சொல்லும்படியான குறைவு இல்லை. மூளைக்கு வேலை இரண்டு பிரிவுக்கும் உண்டு, வித்தியாசம் காலில்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: உடற்பயிற்சியும் விழுவதும் பற்றி 2019இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடற்பயிற்சி விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது என்று வந்தது. அதாவது வீட்டு டிவி முன்னால் ஆடுகிற ஆட்டம், வழக்கமான உடற்பயிற்சிக்குச் சளைத்ததில்லை, ஆட்டம் சரியானதாக இருந்தால்.

சரி, கையால் ஆடுவது ஏன் வேண்டாம்? கையில் ரிமோட்டைப் பிடித்து வீசி ஆடும் நின்டெண்டோ வீ 2006இல் வந்தது. அதிலிருந்த பௌலிங் அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் பெரிய மோகமாகவே ஆகிவிட்டது, தாத்தா பாட்டிகள் போட்டி வைத்து ஆடினார்கள். பார்க்கச் சந்தோஷமான காட்சி. ஆனால் ஜப்பானில் வீ ஆட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு லேசான அசைவு என்ற வகையில்தான் வந்தன, மீதிதான் மிதமானது. அப்புறம் அந்த ரிமோட் இருக்கிறதே, அதற்கு மணிக்கட்டு அசைந்தால் போதும். சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து உருளும், ஸ்ட்ரைக்கும் விழும். பேரப்பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகாது, பிறகு நன்னிமாருக்கும் (பாட்டிமாருக்கும்) சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு: கையை மட்டும் ஓங்கி ஓங்கி வீசினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். 2007இலேயே ஒரு ஸ்பெயின் மருத்துவர் வீ டென்னிஸ் ஆடித் தன் தோள் தசைநார் வீங்கிய கதையை மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதமாக எழுதினார், அவருக்கு வயது 29தான். நம் கரையில் வாழ்நாளெல்லாம் வலை இழுத்த தோள்களுக்கு இது தேவையா?

வலை என்றதும் நினைவுக்கு வருகிறது. தங்கச்சிமடத்தில் ஒரு பெரியவர், அறுபது கடந்தவர், கடலுக்குப் போவதை நிறுத்திச் சில வருடங்கள்தான் ஆகின்றன. வல்லத்தின் விளிம்பில் நின்று ஒரு கையால் கயிறு பிடித்து இன்னொரு கையால் வலை தள்ளியவர், வீட்டுப் படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறார். அவருக்கு இது அவமானமாக இருந்தது, வயசாயிருச்சு என்று முடித்துக்கொண்டார். வயது ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், வல்லம் நாள் முழுக்க அவரை ஆட்டிக்கொண்டே இருந்தது, அவர் உடம்பு நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தது, கரைக்கு வந்ததும் அந்தப் பயிற்சி ஒரேயடியாக நின்றுபோனது. அவருக்கு நான் 'எக்சர்சைஸ்' என்று சொன்ன எதுவும் ஏறவில்லை. பேரன் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மிதிக்கும் மேட்டில் (அம்புக்குறி போட்ட விரிப்பில்) ஏறி நின்று பேரனோடு மல்லுக்கு நின்றார், தோற்றால் இன்னொரு ஆட்டம் கேட்டார். ஆட்டத்தின் பலமே இதுதான்: கவனம் முட்டியைவிட்டு வெளியே போகிறது. பயிற்சி என்றால் ஒவ்வொரு அடியிலும் வலிக்கிறதா என்று பார்க்கிறவர், ஆட்டம் என்றால் அம்புக்குறியைப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டுக்கு என்ன சரி என்று பார்க்கலாம்.

கினெக்ட் கெட்ட சாதனம் இல்லை. 2010இல் வந்தது, கையில் எதையும் பிடிக்க வேண்டாம், கேமராவே உடம்பைப் படிக்கும், அது பெரியவர்களுக்குப் பெரிய வசதி, பட்டன் குழப்பம் கிடையாது. தயாரிப்பை 2017இல் நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் 360இன் இணையக் கடையையும் 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள், அதனால் கையில் டிஸ்க் இருக்கிற ஆட்டம் மட்டும்தான் இனி. இடம் வேண்டும்: ஒருவர் ஆட கேமராவிலிருந்து ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும், ஹாலின் நடுவில் டீப்பாய் இருந்தால் தூக்கிவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் முற்றத்து வெயில் நேரே விழுகிற அறையில் தடுமாறும், சாயங்காலம் திரை போட்டு ஆடுங்கள். இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை உடை. தழையத் தழையச் சேலையோ நைட்டியோ உடுத்தியிருந்தால் கால் எங்கே இருக்கிறது என்று கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. அதோடு நைட்டியின் ஓரம் காலில் மாட்டும், அது கேமராவைவிட முக்கியமான விஷயம். உம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கிற சுடிதார் பேன்ட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் அவருக்கும் கூச்சம் இருக்காது. கினெக்டோடு வந்த அட்வென்ச்சர்ஸ் ஆட்டத்தில் குதிக்கச் சொல்லும் இடங்கள் வரும், முட்டி வலி உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம், அந்த டிஸ்கைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். கினெக்ட் ஸ்போர்ட்ஸ் டிஸ்க் இருந்தால் அதில் டேபிள் டென்னிஸ் போடலாம், பந்துக்கு ஏற்றபடி பக்கவாட்டில் நகர்ந்து ஆடச் சொல்லுங்கள்.

ஸ்விட்ச் வாங்குவதா? இப்போது வேண்டாம். ரிங் ஃபிட் அட்வென்ச்சர் (2019) நல்ல ஆட்டம், தொடையில் ஒரு பட்டை கட்டி, கையில் வளையம் பிடித்து, ஓடி, குனிந்து, அழுத்தி ஆட வேண்டும், தசைக்கு உண்மையாகவே வேலை கொடுக்கும். ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்து, கதை, சில பயிற்சிகள் தரையில் படுத்தும் உட்கார்ந்தும். நாற்பது வயதுக்காரருக்கு அருமை. உம்மாவுக்கு இரண்டு நாளில் எரிச்சல் வரும். வீ ஃபிட் ஆட்டத்தோடு வந்த, ஏறி நின்று ஆடும் பேலன்ஸ் போர்டு பழைய சாமானாக எங்காவது கிடைத்தாலும் முதலிலேயே அதில் ஏற்றாதீர்கள், அது தரையிலிருந்து சுமார் 5 செ.மீ. உயரம், பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர் அதிலிருந்து இறங்கும்போதுதான் தடுக்கி விழுவார். போதாததற்கு அந்த ஆட்டம் உடம்பைச் சோதித்துப் பார்த்து 'உன் உடம்பின் வயது இவ்வளவு' என்று வேறு சொல்லும். எந்தப் பெரியவருக்கும் டிவியிடம் வசை வாங்க ஆசை இருக்காது. தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி, தலைசுற்றல், கண்ணைக் கட்டிய மாதிரி நிற்பது, இரண்டும் சேர்ந்தால் விழுவதற்கு ஆள் தேட வேண்டாம். போக்கிமான் கோ பற்றியும் சிலர் கேட்பார்கள், தெருவில் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற பெரியவர், குறுக்கே வருகிற டூவீலர், படுத்திருக்கும் நாய், அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

நான் சொல்வது மிதிக்கும் மேட். டான்ஸ் மேட் என்று ஆன்லைனில் கிடைக்கும், யுஎஸ்பி ஒயர் வைத்தது, முன், பின், இடம், வலம் என்று நாலு அம்புக்குறி உள்ள பிளாஸ்டிக் விரிப்பு. 1998இல் ஜப்பானின் கோனாமி நிறுவனம் கேம் கூடங்களில் வைத்த டான்ஸ் ஆட்டத்தின் வீட்டுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பும் டிவியோடு இணைக்க ஹெச்டிஎம்ஐ ஒயரும் இருந்தால் போதும், ஸ்டெப்மேனியா என்ற இலவச மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதன் தனிச்சிறப்பு, எந்தப் பாட்டையும் அதில் ஏற்றி, எந்த இடத்தில் எந்தக் கால் என்று நாமே குறித்துக்கொள்ளலாம். இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவனைப் பிடித்தால் ஒரு மாலையில் உட்கார்ந்து செய்துவிடுவான். மெதுவான பாட்டாகப் பாருங்கள், நிமிடத்துக்கு அறுபது எழுபது தாளம், நாலு தாளத்துக்கு ஓர் அடி. பழைய சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்பதில்லை, உம்மாவுக்குப் பிடித்த இஸ்லாமியப் பாடலைப் போடலாம். பாட்டே வேண்டாம் என்கிற வீடென்றால் ஒலியை அணைத்துவிட்டு அம்பை மட்டும் பார்த்து மிதிக்கலாம், இன்னும் சொல்லப்போனால் காதுக்கு உதவி இல்லாதபோது கண்ணும் காலும் கூடுதலாக வேலை செய்யும்.

முதல் சில வாரம் இடமும் வலமும் மட்டும் போதும். பிறகு முன். பின்பக்க அடி கடைசியில்தான், அதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமானது, அவர் சமையலறையில் பின்னால் நகரும்போது தடுமாறுகிறவர் என்றால் அவருக்கு ரொம்பத் தேவையானதும் அதுதான். ஒவ்வொரு அடியும் வெளியே வைத்து மறுபடி நடுவுக்குத் திரும்ப வேண்டும். பாதத்தை ஊன்றி வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் திருகக் கூடாது, முட்டிக்கு அதுதான் எதிரி, காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆடும்போது முட்டியில் கொஞ்சம் வலி வந்தாலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை. மறுநாளும் வீங்கியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

டைல்ஸ் தரையில் இந்த மேட் வழுக்கும், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அடியில் ரப்பர் ஷீட் போட்டு நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டுங்கள், ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் அதுவே தடுக்கும். கடற்கரை வீட்டில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. ரிமோட்டின் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பிடிக்கும், யுஎஸ்பி முனை பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும், ஆடி முடித்ததும் ஒயரைக் கழற்றித் துடைத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும், அதற்கு வீட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியை வைக்காதீர்கள், பளு விழுந்தால் அதன் கால்கள் டைல்ஸில் விரிந்து சறுக்கிவிடும். கனமான மர நாற்காலி, அல்லது கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், அல்லது சுவர் மூலை. முதல் நாட்களில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், எதிரே இல்லை, பலவீனமான காலின் பக்கம் சற்றே பின்னால். சர்க்கரையால் பாதத்தில் மரமரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வெறுங்காலோடும் வேண்டாம், ஹவாய் செருப்போடும் வேண்டாம், பின்பக்கம் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) சரியாக இருக்கும், ஆடி முடித்ததும் பாதத்தின் அடியை யாராவது பார்த்துவிடவும்.

தொடங்கும் முன்னால் இரண்டு சின்னச் சோதனைகள், வீடியோ காலில் நீங்களே செய்யலாம், துபாயிலிருந்து வாட்ஸ்அப் கால் வராது என்பதால் எப்படியும் போட்டிம் ஆப் வைத்திருப்பீர்கள். முதலாவது, கையை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது. 65 முதல் 69 வயதுப் பெண்களுக்குப் பதினொன்றுக்குக் குறைந்தால் தொடை வலு போதவில்லை என்று பொருள். இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம். 12 விநாடியைத் தொட்டாலோ தாண்டினாலோ விழும் வாய்ப்பு உள்ளவர் என்று கணக்கு. இவை இரண்டிலும் பின்தங்கினால் மேட்டுக்கு அவசரப்படாதீர்கள், முதல் மாதம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே அவருக்கு ஆட்டம். ஐந்து வேளைத் தொழுகையில் முன்பு குனிந்து எழுந்தவர்தான், முட்டி வலியால் நாற்காலியில் உட்கார்ந்து தொழத் தொடங்கியபோது அந்தப் பயிற்சியும் போயிருக்கும், எவ்வளவு எழ முடிகிறதோ அவ்வளவு எழுந்து பழகட்டும். மிதிக்கும் ஆட்டம் மட்டும் தசை வலுவுக்குப் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மிதிப்பது சமநிலைக்கு, எழுந்து உட்காருவது வலுவுக்கு. இரண்டும் வேண்டும்.

சர்க்கரை மருந்து முக்கியம். இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது, தாழ்சர்க்கரை வரும். கை நடுக்கம், வியர்வை, பேச்சில் குழப்பம் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். நம் பக்கம் வீட்டில் கருப்பட்டிதான் கைக்கு முதலில் கிடைக்கும், அதுவும் சர்க்கரைதான், ஆனால் கடித்து மென்று விழுங்கி இறங்க நேரமாகும், கரைத்த சீனி வேகமானது. நோன்பு மாதத்தில் அஸருக்கும் (பிற்பகல் தொழுகை) மஃரிபுக்கும் (அந்தித் தொழுகை) நடுவில் ஆட்டமே வேண்டாம், நோன்பு திறந்து சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து ஆடட்டும். மற்ற மாதங்களில் அஸருக்குப் பிறகான நேரம் நல்லது, வெயில் தணிந்திருக்கும், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்திருப்பார்கள்.

பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்பதுதான் நிஜமான விஷயம். தனியாக ஆடுகிற பெரியவர் சில வாரங்களில் நிறுத்திவிடுவார், புதுமை போனதும் மேட் கட்டிலுக்கு அடியில் போய்விடும், இதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கூட ஆட ஆள் இருந்தால் தொடரும். அதனால் உம்மாவிடம் 'உடம்புக்கு நல்லது' என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த வயசுல எனக்கென்ன ஆட்டம் பாட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பேரனுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமாம் என்று சொல்லிப் பாருங்கள். பேரன் ஒரே காலில் ஆட வேண்டும், பாட்டி இரண்டு காலில், அப்போதுதான் நன்னி சில ஆட்டம் ஜெயிப்பார். எப்போதும் தோற்கிற ஆட்டத்தை யார்தான் தொடர்வார்கள்? ஒரு நோட்டில் தேதியும் மார்க்கும் பேரனே எழுதட்டும். நீங்கள் போன் பண்ணும்போது 'சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா' என்று கேட்பதோடு 'இன்று எவ்வளவு ஸ்கோர்' என்றும் கேளுங்கள். கேட்கிற மகன் இருக்கிறான் என்று தெரிந்தால் அவர் ஆடுவார்.

மேட் வந்து சேரும்வரை, அல்லது கரண்ட் இல்லாத நாட்களில், சாக்பீஸ் போதும். ஜப்பானில் 2000களில் கட்டத்தில் கால் வைத்து நடக்கும் பயிற்சி ஒன்றை உருவாக்கிப் பெரியவர்களிடம் சோதித்தார்கள். ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம், அதற்குள் 25 செ.மீ. கட்டங்களாக நாற்பது கட்டம், ஒருவர் முன்னால் நடந்து காட்டுகிற வரிசையை நினைவில் வைத்து அதேபோல் அடுத்தவர் நடக்க வேண்டும். திரை கிடையாது, மின்சாரம் கிடையாது. உம்மா சின்ன வயதில் பாண்டி ஆடியவர்தானே, அந்தக் கட்டத்தை நொண்டாமல் இரண்டு காலில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேரன் 'இரண்டு, ஐந்து, மூன்று' என்று எண் சொல்ல, அந்தந்தக் கட்டத்தில் கால் வைக்கச் சொன்னால் நினைவுக்கும் வேலை, காலுக்கும் வேலை.

வாப்பா விஷயம் வேறு. ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம். நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம், இதயத்துக்காகப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பு களைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது, எண்ணைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல், இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்தி உட்கார வைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும், வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். அவர் விடியற்காலை ஸுபுஹு தொழப் பள்ளிவாசலுக்கு நடந்து போகிறவர் என்றால் அந்த நடை ஏற்கெனவே நல்ல பயிற்சிதான். மேட்டில் உம்மாவோடு எதிர் ஆளாக நிற்கச் சொல்லுங்கள், அதுவே அவருக்குப் போதும்.

நீங்கள் அடுத்த லீவில் வருவதற்குள் ஒன்று மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பார்கள், தேவைப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. உங்கள் வார்டு சுகாதார ஊழியரிடம் உம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள், வருகிற பிசியோதெரபிஸ்டிடம் மேட்டைக் காட்டி முதல் முறை அவர் முன்னாலேயே ஏறி நிற்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எழுந்து உட்காரும் எண்ணிக்கையையும் 12 விநாடிக் கணக்கையும் மறுபடி எடுத்து எனக்கு எழுதுங்கள், ஸ்விட்ச் வாங்குவதா என்று அப்போது பேசலாம்.